யார் மண்ணில் யார் வீடு: மலேயாவில் தமிழரும் சீனரும்

(மன்னார்குடியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று இந்தப் பக்கத்தில் மலேயாவுக்கு ஆள் போகாத ஊர் குறைவு. அதனால் மலேயாவைப் பற்றிய ஒரு பேச்சும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. “சீனன் கட்டிய துணியோடு வந்தான், கடை வைத்தான், மாடி கட்டினான். நம் ஆள் சம்பாதித்ததைக் கள்ளுக்கடையில் கொட்டிவிட்டு லயத்திலேயே செத்தான்.” லயம் என்றால் ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளிக்குக் கட்டிய வரிசை வீடு. எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். இந்தப் பேச்சு அநியாயமானது என்று சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன். நம் பாட்டன் பூட்டன்மேல் நாமே சுமத்திய பழி இது.

இரண்டு சமூகங்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் குணத்தை ஒப்பிடப் போய்விடுகிறார்கள். அவன் சிக்கனக்காரன், இவன் ஊதாரி. அவன் ஒற்றுமை, இவன் சண்டை. நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். ராத்திரி படுத்துத் தூங்கிய கூரை யாருடையது? அது நின்ற மண் யாருடையது? வேலையை விட்டால் மறுநாள் அந்தக் கூரையின்கீழ் இருக்க முடியுமா, முடியாதா?

முதலில் குடியைப் பார்த்துவிடுவோம். தோட்டத்துக்குள் கள்ளுக்கடை திறந்தது தொழிலாளி அல்ல. அரசு உரிமம் கொடுத்தது, நிர்வாகம் இடம் கொடுத்தது, வருமானம் மேலே போனது. சீனத் தொழிலாளிக்கு அதே வேலையை அபின் செய்தது. பேராக் மாநிலத்து லாருட்டிலும் கிந்தாவிலும் ஈயச் சுரங்கத்தில் இடுப்பளவு சேற்றில் நின்றவர்கள் அபின் புகைத்துப் படுத்தார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் அரசுக் கஜானாவுக்கு அபின் வரி பெரிய தூண். போதை ஒரு இனத்தைக் கவிழ்த்துவிடும் என்றால் இரண்டும் சேர்ந்தே கவிழ்ந்திருக்க வேண்டும். கவிழவில்லை. ஆகவே காரணம் அங்கே இல்லை.

இருவருமே கூலியாக வந்தவர்கள்தான். ஃபூஜியான், குவாங்டோங் கரைகளிலிருந்து சீனர்கள் கப்பல் கூலியைக் கடனாக வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் கடன் தீரும்வரை அடிமைபோல் உழைத்தார்கள். நம்மவர்கள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அந்த முறை 1910இல் நின்றது. அதற்கு முன்பே இருந்த கங்காணியின் கை அதன் பிறகு ஓங்கியது. அவர் வேற்றாள் அல்லர். சொந்த ஊர்க்காரர், பெரும்பாலும் உறவுக்காரர். புது வேட்டியும் முன்பணமுமாகத் தெருவில் வந்து நிற்பார், ஆள் சேர்ப்பார், கப்பலேறுகிறவர்களைத் தங்கவைக்கும் நாகப்பட்டினம் டிப்போவில் கொண்டுபோய் விடுவார். தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த வரியைக் கொண்டு 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டதால் கப்பல் கட்டணத்தைத் தொழிலாளி கொடுக்க வேண்டியதில்லை. சட்டப்படி அவர் சுதந்திரமானவர். ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம். ஆனால் விலகி எங்கே போவது? தினம் விடியும் முன், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் விலகினால் அவருக்கு நட்டம். துரைக்கும் நட்டம். லயம் துரையுடையது. மனைவி அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறாள், பிள்ளை தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் கிடக்கிறது. ஒருவர் வேலையை விட்டால் குடும்பம் முழுவதும் சட்டிபானையோடு சாலைக்கு வந்துவிடும்.

சீனத் தொழிலாளி ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தபோதுகூடத் துரையின் ஆளாக இல்லை. தன் மொழி பேசும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கும்பலில் இருந்தார். அந்த ஒப்பந்தக்காரர் வேலைக்கு இவ்வளவு என்று துரையோடு பேரம் பேசுவார். விலை கட்டாவிட்டால் கும்பலே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஈயச் சுரங்கத்துக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ பட்டணத்துக்கோ போய்விடும். நம்மவருக்கோ நாள்கூலி. 1920களின் கடைசியில் முக்கியமான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசே நிர்ணயித்திருந்தது. ரப்பர் விலை விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே பால். கூலி மட்டும் வேறு.

இதை எதிர்த்து நம்மவர்கள் வாய்திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான தமிழர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், குடித்துக் கெட்டான் என்று நாம் சொல்லும் அதே மனிதர்கள்தான் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றார்கள். கூலியில் சில காசுகள் சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருப்பார் அந்த மனிதர். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரரைக் கடந்து போக வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பக்கத்துச் சேரிகளில் பிறந்து, தோளில் துண்டோடும் காலில் செருப்போடும் மிராசுதார் தெருவில் நடக்க முடியாமல் இருந்தவர்கள், கடல் தாண்டிப் போய்க் கேட்ட கேள்வி அது. பதிலுக்குத் துருப்புகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். தலைவர் ஆர்.எச்.நாதனைக் கைது செய்து நாடுகடத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இதே தஞ்சை மண்ணில் கம்யூனிஸ்டுத் தலைவர் பி.சீனிவாசராவ், சாணிப்பால் குடிக்கவைக்கும் தண்டனைக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டினார். இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு கரைகள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். சயாம் மரண ரயில்பாதையில் நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். சீனர்களை ஜப்பானியர் நேராகவே கொன்று குவித்தார்கள். அந்த ஆண்டுகளில் உயிர் தப்ப, ஏராளமான சீனர்கள் காட்டோரங்களுக்கு ஓடி, மரவள்ளியும் காய்கறியும் போட்டுப் பிழைத்தார்கள். அவர்களுக்கும் அந்த நிலத்தில் பட்டா கிடையாது.

திருப்பம் இங்கேதான் வருகிறது. 1948இல் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களோடு சண்டை மூண்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காட்டோரச் சீனர்கள் கெரில்லாக்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்று, 1950க்குப் பிறகு ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பிடுங்கிப் புதுக்கிராமங்களில் அடைத்தது பிரிட்டிஷ் அரசு. பெரும்பாலோர் சீனர்கள். முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, வாசலில் சோதனை. கொடுமையான காரியம்; அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வேலியை எடுத்த பிறகு உள்ளே என்ன மிஞ்சியது என்று பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு மனை. பல கிராமங்களில் அதற்குக் குத்தகைப் பட்டா. ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடைத்தெரு. கோலாலம்பூர் ஓரத்தில் ஜின்ஜாங், செர்டாங் போன்ற கிராமங்களை நகரம் வளர்ந்து வந்து தொட்டபோது அந்த மனைக்கு விலை வந்தது. வீட்டு முன்புறத்தில் பட்டறை போடலாம், அடகு வைத்துக் கடன் வாங்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். அடைத்து வைக்கக் கொடுத்த மண்ணே அவர்களுக்கு ஊன்றுகோலாக ஆனது. அதே ஆண்டுகளில் நம் ஆள், முப்பது வருடம் பால் வெட்டிய பிறகும், லயத்துச் சுவரில் ஓர் ஆணி அடிக்க நிர்வாகத்தின் தயவை எதிர்பார்த்தார்.

பள்ளிக்கூடத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னதால் தமிழ்ப்பள்ளிகள் வந்தன. நடத்தியது துரை. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை. படித்தவன் தோட்டத்தைவிட்டுப் போய்விடுவான் என்று தெரிந்த துரை எவ்வளவு அக்கறையோடு நடத்தியிருப்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம். சீனப் பள்ளிகளைச் சங்கங்களும் வணிகர்களும் நடத்தினார்கள். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்து, அரசு மானியம் வேண்டுமானால் இடைநிலைப் பள்ளியின் பயிற்றுமொழியை மாற்று என்றபோது, சில பள்ளிகள் மானியமே வேண்டாம் என்றன. இன்று அங்கே 60 சுயேச்சைச் சீன இடைநிலைப் பள்ளிகள் நிற்கின்றன. தமிழ்ப்பள்ளிகள் 500க்கு மேல் இருக்கின்றன, எல்லாம் தொடக்கப்பள்ளிகள். தமிழ் இடைநிலைப் பள்ளி ஒன்றுகூடக் கிடையாது.

நம்மிடம் வணிகர்கள் இல்லையா? இருந்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர்ப் பெயரில் தர்கா கட்டுமளவுக்கு நம் கடற்கரை முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றியிருந்தார்கள். நகரத்தார் பெரும் பணம் புரட்டினார்கள். ஆனால் லயத்துப் பிள்ளையைத் தன் பிள்ளையாக அவர்கள் நினைக்கும்படி நம் ஊர் அமைப்பு இருக்கவில்லை. கப்பலில் ஆட்களோடு சாதியும் ஏறிப் போனது. வசதியும் உரிமையும் தோட்டத்துக்கு வெளியேதான் தங்கிவிட்டன. சீனரிடையிலும் பிளவு உண்டு. லாருட்டில் அவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள். ஆனாலும் 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்து, அங்கே திரும்பும் வழி அடைபட்டதும் சீன வணிகரின் பணம் அங்கேயே தங்கியது. நம் வணிகருக்கு ஊர் திரும்ப ‘ரஜூலா’ கப்பல் எப்போதும் காத்திருந்தது.

ஒரே ஒரு மனிதர் இந்த முடிச்சைச் சரியாகப் பார்த்தார். தோட்டங்களை வெள்ளைக்கார முதலாளிகள் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். மலேயா இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து, பால் வெட்டுகிறவர்களிடம் மாதம் பத்து வெள்ளியாக (அந்நாட்டு டாலர்) பங்குப்பணம் சேர்த்து, தோட்டத்தையே வாங்குவது திட்டம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். கூலிக்காரர் சொந்தக்காரர் ஆனார். இந்தத் தஞ்சையின் மக்கள் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. ஆனால் விற்பனைக்கு வந்த தோட்டங்களில் அது சிறு பங்குதான். மற்றவை கைமாறிப் போயின.

1969 மே 13 மலாய்–சீன இனக் கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் பல்லாயிரம் பேர் மூட்டையோடு நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள். உங்களில் சிலர் வீட்டில் அந்த அட்டை இன்னும் இருக்கலாம். 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது அதன் முதல் நோக்கம். 1970இல் மேற்கு மலேசியாவில் மலாய்க்காரரில் நூற்றுக்கு 65 பேரும், இந்தியரில் 39 பேரும், சீனரில் 26 பேரும் வறுமையில் இருந்தார்கள். சீனர் எல்லாருமே பணக்காரர் என்ற நினைப்பையும் அந்த 26 உடைக்கிறது. நிறுவனப் பங்குகளில் இந்தியரின் பங்கு 1970இல் நூற்றுக்கு ஒன்று. இருபது ஆண்டு கழித்தும் நூற்றுக்கு ஒன்று. மலாய்க்காரர் பங்கு 2.4இலிருந்து 19க்கு ஏறியது, சீனர் பங்கும் வெகுவாக ஏறியது.

பிறகு தோட்டங்களே மறைந்தன. மலேசியாவின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயாவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்: ஏரி, பாலம், பிரதமர் அலுவலகம். அந்த இடம் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள். அங்கே தலைமுறைகளாக இருந்த தமிழ்க் குடும்பங்களை டெங்கிலில் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். பெயர் தெரியாத பல தோட்டங்களில் அதுவும் இல்லை. வேலைநீக்க இழப்பீட்டுச் சட்டப்படி, நெடுநாள் ஊழியருக்கு ஓர் ஆண்டு வேலைக்கு இருபது நாள் கூலி. முப்பது ஆண்டு உழைத்தவருக்கு அறுநூறு நாள் கூலி. மண்ணில் ஓரடி கிடையாது. தோட்டத்தோடு கோயிலும் பள்ளியும் விளையாட்டுத் திடலும் சுடுகாடும் ஒரே நாளில் போயின. பிள்ளைகள் நகரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்தார்கள். அங்கே சிலர் கும்பல்களில் சேர்ந்ததைப் பிடித்துக்கொண்டு ‘தமிழன் குணம்’ என்று எழுதியவர்களும் உண்டு.

2019ஆம் ஆண்டுக் கணக்கில், குடும்ப வருமானத்தின் நடுமட்டம் மாதத்துக்குச் சீனருக்கு 7,391 ரிங்கிட், இந்தியருக்கு 5,981, மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும் அடங்கிய பூமிபுத்திரருக்கு 5,420. இதைக் காட்டி, இந்தியர்தான் நடுவில் இருக்கிறார்களே, குறை என்ன என்று கேட்கிறார்கள். ‘இந்தியர்’ என்ற அந்த ஒரு கட்டத்துக்குள் கோலாலம்பூர் வழக்கறிஞரும் மருத்துவரும் இருக்கிறார்கள், தோட்டம் இழந்து குப்பை லாரி ஓட்டுகிறவரும் இருக்கிறார். கீழே இருப்பவரை அந்த எண் மறைத்துவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் டெல்டாவில் பண்ணையாளின் குடிசை மிராசுதார் மண்ணில்தான் நின்றது. கூலி உயர்வு கேட்டால் குடிசையைப் பிரி என்பார்கள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த பிறகே, 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. அன்று மனை கிடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். ஆனால் வாய்க்கால் கரையிலும் ஆற்றங்கரைப் புறம்போக்கிலும் இரண்டு மூன்று தலைமுறையாகப் பட்டா இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தூர்வாரும் வேலையோ சாலை வேலையோ வரும்போதெல்லாம் அவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகப் போய், எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார்கள், அந்த மண் எந்தப் புல எண்ணில் வருகிறது, கையில் என்ன காகிதம் இருக்கிறது, வீட்டு வரி ரசீதா, மின் கட்டண ரசீதா, மனுக் கொடுத்த நகலா என்று எழுதி வாருங்கள். எழுதியதை வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் போவோம். நானும் வருகிறேன்.