ஆடி ஒன்றுக்கு வந்துவிடு

நேயர்களுக்கு வணக்கம். மறக்க முடியாத ஒரு விடுமுறையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 2023-இல் சித்திரை முதல் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள். அந்த மூன்று நாளில் என் வாழ்க்கை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு ஆடி ஒன்று என்றால் தேங்காய் சுடுகிற நாள். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காய் நாரைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஓட்டைத் தரையில் வழவழவென்று தேய்ப்போம். ஒரு கண்ணைத் துளைத்து, கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, அவல், வெல்லம், பாசிப்பயறு, எள், பொட்டுக்கடலை எல்லாம் உள்ளே திணிப்போம். அந்தத் துளையில் அழிஞ்சிக் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் தீ மூட்டிச் சுடுவோம். ஓடு வெடிக்கிற வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் புகை ஆகாது, கண்ணில் நீர் கொட்டும். அவன் தன் குச்சியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்து, என் கைமேல் கை வைத்துத் திருப்புவான்.

அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவனுடைய அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். படிப்புக்காக அவனும் தம்பியும் எங்கள் தெருவில் பாட்டி வீட்டில் இருந்தார்கள். எல்லோருக்கும் குச்சி வெட்டி வருவது அவன்தான். லீவு விட்டால் என்னையும் மலைக்குக் கூட்டிப்போவான். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவையும் சத்தம் போட்டு எண்ணுவோம்.

1996-இல் பத்தாவது முடிந்தது. அவன் அப்பாவுக்குக் குடகில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. அந்த வருஷ ஆடிக்கு நான் தேங்காய் சுடவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சினேகிதன் ஊரை விட்டுப் போனால் யாரும் இப்படிக் கிடந்து அழுவதில்லை என்பது மட்டும் எனக்கே புரிந்தது.

பிறகு பெண் பார்க்கும் பேச்சுகள் வந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தேன். 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, வீட்டில் யாரிடமும் பேசாமல் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் சொல்ல இன்னும் மூன்று வருஷம் ஆனது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். எங்களைப் போன்றவர்களை 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்றார். அதற்கு முன்னால், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பூ கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "அவ்வளவு பெரிய மனுசனே போய்ப் பாடம் கேட்டிருக்காரா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீ சொல்லு சாமி, நான் கேக்கறேன்" என்றார். அன்றைக்குச் சொன்னேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் டம்ளரை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். குச்சி திருப்புகிற அதே உருட்டல். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தலை பாதி நரைத்திருந்தது. அப்பா காலமான பிறகு, பழைய ஊரை ஒருமுறை பார்க்கலாம் என்று தனியாக வந்திருந்தான். கல்யாணம் ஆகிவிட்டதா என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

மறுநாள் அவனுடைய அப்பா வேலை பார்த்த தோட்டத்துப் பக்கம் நடந்தோம். ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் காப்பிச் செடி ஒரே நேரத்தில் பூத்துவிடும். கிளை தெரியாமல் வெள்ளையாக, மல்லிகை வாசத்தோடு. இரண்டு மூன்று நாளில் வாடிப் பழுப்பாகிவிடும். நாங்கள் போனபோது சரியாகப் பூத்திருந்தது. சில்வர் ஓக் மரத்து மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்போ இதுக்கு என்ன பேருன்னே தெரியலடா."

"எனக்கும்தான்."

"கடுதாசி நான்தான் நிறுத்தினேன். எழுத உக்காந்தா வேற மாதிரி வந்துச்சு. கிழிச்சுப் போட்டேன்."

என்னென்ன எழுதிக் கிழித்தான் என்று அன்று சாயங்காலம் வரை கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னான். இருபத்தேழு வருஷம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறான். தன்பாலீர்ப்பு என்று இன்று அரசே ஏற்றுக்கொண்ட ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் எழுத அவனுக்கு அப்படி ஒன்று இல்லாமல் போனதே என்று இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

எங்கள் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பு எங்களுக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேலத்துக்கு இறங்கினோம். அவன் வளைவுகளை எண்ணவில்லை, கை சில்லிட்டிருந்தது. அம்மா வாசலுக்கு வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பாட்டி வீட்டுப் பையனா? என்ன சாமி, இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்று சொல்லி இலை போட்டார். சாப்பிடும்போது வேறு எதுவும் கேட்கவில்லை. கிளம்புகிறபோது மட்டும் அவன் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து, "ஆடி ஒண்ணுக்கு வந்துரு" என்றார். எங்கள் பக்கத்தில் ஆடிக்கு யாரை அழைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

தேங்காயைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "குச்சி நான் வெட்டிட்டு வரேம்மா" என்றான்.