வெளிநாட்டுல வேட்டையாடின மான் கறி, தோல், கொம்பு மும்பைக்கு வருமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். மாட்டுங்காவுலேர்ந்து ஒரு நேயர் கேட்டிருக்கார், அப்படியே படிச்சுடறேன். "சார், என் மச்சான் டெக்சஸ்ல இருக்கார். லைசென்ஸ் எடுத்து முறையாத்தான் வேட்டைக்குப் போறார். பொங்கலுக்கு வரும்போது மான் கறிய உப்புக்கண்டம் போட்டு ரெண்டு கிலோ, கூட ஒரு தோல், ஒரு ஜோடிக் கொம்பு கொண்டு வரேங்கிறார். தோல தாராவியில குடுத்துப் பதனிட்டுக்கலாம்னு யோசனை. அடுத்த வருஷம் ரெண்டு பேருமா தென்னாப்பிரிக்கா போய் குடு மான் சுடப் போறோம். பர்மிட், பில் எல்லாம் கையில இருந்தா மும்பை ஏர்போர்ட்ல விட்டுடுவாங்கதானே?"

கறிய மறந்துடுங்க, அது வராது. தோலும் கொம்பும் வருமான்னா, என்ன மான்னு சொல்லணும். நீங்க அத எழுதவே இல்ல. எல்லாமே அதுலதான் நிக்குது.

ஏன்னா, டெக்சஸ்ல சுடற மான்கள்ல நம்ம ஊர் மானும் உண்டு. 1930-கள் வாக்குல புள்ளிமானையும் வெளிமானையும் அங்க பண்ணைகள்ல கொண்டுபோய் விட்டாங்க. புள்ளிமானுக்கு அங்க ஆக்சிஸ்னு பேரு, வெளிமானுக்கு ப்ளாக்பக். கிங் ராஞ்ச்ங்கிற பெரிய பண்ணைப் பக்கம் நீல்காய் மானும் உண்டு. பெருகிப் போய் இன்னிக்கு வேலி போட்ட பண்ணைக்குள்ள வருஷம் பூரா காசு கட்டிச் சுடறாங்க. அங்க அது சட்டப்படி சரி, யாரும் கேள்வி கேக்க முடியாது.

அதே வெளிமான் கொம்பு மும்பை சஹார் ஏர்போர்ட்ல வந்து எறங்கிச்சுன்னா கதையே வேற. நம்ம 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வெளிமான் முதல் அட்டவணை. புலி, யானை இருக்கற அதே அட்டவணை. 2022-ல திருத்தி, 2023 ஏப்ரல் 1-லேர்ந்து நடைமுறைக்கு வந்த சட்டப்படி, முதல் அட்டவணை குத்தத்துக்குக் குறைஞ்சபட்சமே மூணு வருஷம் ஜெயில், ஏழு வருஷம் வரைக்கும் போகலாம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. புள்ளிமானும் நீல்காயும் ரெண்டாவது அட்டவணை. அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

"சார், அது டெக்சஸ் பண்ணையில வளந்த மான், இந்தியாவுல யாரும் சுடலையே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா கொம்பு பாக்கறதுக்கு ஒரே மாதிரிதானே இருக்கும்? சட்டத்துல 57-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. உங்க கையில கறியோ, கொம்போ, தோலோ இருக்குன்னு நிரூபணம் ஆயிட்டா, அத நீங்க சட்டவிரோதமா வச்சிருக்கீங்கன்னுதான் முதல்ல எடுத்துக்குவாங்க. இல்லன்னு காட்ட வேண்டியது உங்க பொறுப்பு. போதாததுக்கு, அட்டவணையில இருக்கற காட்டு மிருகத்தோட உறுப்பு, அதுலேர்ந்து செஞ்ச பொருள் எதுவுமே இறக்குமதிக் கொள்கையில தடை. டெக்சஸ் லைசென்ஸ் அங்க சுடறதுக்குக் குடுத்த அனுமதி. இங்க கொண்டு வர்றதுக்கு அது செல்லாது. தானா உதிர்ந்த புள்ளிமான் கொம்பு, காட்டுல கெடந்து எடுத்தேன்னாலும் பேச்சு அதேதான்.

சரி, மச்சான் சுட்டது வெள்ளைவால் மான், வைட் டெயில்னு வைங்க. அது நம்ம அட்டவணையில இல்ல, அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட உலக வியாபாரத்தக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட பட்டியல்லயும் டெக்சஸ் மான் இல்ல. வனவிலங்குச் சட்டம் தொடாது. ஆனா கால்நடைச் சட்டம் பிடிச்சுக்கும். 1898-ல போட்ட கால்நடை இறக்குமதிச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. அதன்படி கறி உள்ள வரணும்னா, அது அங்கேர்ந்து புறப்படறதுக்கு முன்னாடியே மத்திய கால்நடைத் துறைகிட்ட சுகாதார இறக்குமதி அனுமதி வாங்கியிருக்கணும். ரெண்டு கிலோ உப்புக்கண்டத்துக்கு யாரும் அது வாங்கப் போறதில்ல. அனுமதி இல்லன்னா பிடுங்கி அழிச்சுடுவாங்க. சுங்க அறிவிப்புப் படிவத்துலயே கறி, கறிப் பொருள், பால் பொருள், மீன், கோழின்னு தனியா ஒரு வரி இருக்கு. அதுல "இல்ல"ன்னு டிக் போட்டுட்டு பெட்டியில வச்சிருந்தா, பொய் அறிவிப்புங்கிற இன்னொரு குத்தமும் சேர்ந்துக்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, வட அமெரிக்க மான்கள்ல சி.டபிள்யூ.டி.ன்னு மூளைய அரிக்கற ஒரு நோய் இருக்கு. 1967-ல கொலராடோவுல முதல்ல கண்டாங்க, டெக்சஸ்ல 2012-ல. அதுக்குக் காரணம் ப்ரையான்னு சொல்ற உருமாறின புரதம். வேக வச்சாலோ, உறைய வச்சாலோ, உப்புல போட்டாலோ சாகாது. அது உயிரே இல்லையே, எப்படிச் சாகும்? அமெரிக்காவுக்குள்ளயே ஒரு மாநிலத்துலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகும்போது எலும்பெடுத்த கறி, மூளை சுத்தமா எடுத்த மண்டையோட்டுத் தகடு, பதனிட்ட தோல், இது மட்டும்தான்னு பல இடத்துல கட்டுப்பாடு. முதுகெலும்போ தலையோ முழுசா போகக் கூடாது.

தென்னாப்பிரிக்காவுல கவலை வேற. அங்க காட்டெருமை கோமாரி வைரஸ அறிகுறி இல்லாமலே சுமக்கும், சாட்னு சொல்ற வகை. நம்ம மாடுகளுக்குப் போடற கோமாரி தடுப்பூசியில இருக்கறது ஓ, ஏ, ஏசியா ஒன்னு மட்டும்தான். சாட் வகை உள்ள நொழஞ்சா தடுப்பூசி போட்ட மாடும் தப்பாது. காட்டுப் பன்னி, அதாவது வார்ட்ஹாக், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல சுமக்கும். அந்த வைரஸ் உலர்ந்த கறியிலயும் உறைஞ்ச கறியிலயும் மாசக் கணக்குல தாக்குப் பிடிக்கும். 2020-ல அஸ்ஸாம் பக்கம் அது வந்து பன்னிப் பண்ணைகள் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும். ஜோகன்னஸ்பர்க் ஏர்போர்ட்ல பில்டாங்னு உலர்ந்த கறி பாக்கெட் அடுக்கி வச்சிருப்பாங்க, வாங்கிட்டு வரலாமேன்னு தோணும். அதுல பெரும்பாலும் மாட்டுக் கறி. மாட்டுக் கறி எந்த ரூபத்துலயும் இந்தியாவுக்கு இறக்குமதி தடை. அங்கயே சாப்டுட்டு வாங்க.

இப்ப தாராவி விஷயம். பச்சைத் தோலாவோ உப்புத் தோலாவோ கொண்டு வந்து இங்க பதனிடலாம்ங்கிறது, என் கணக்குல, இருக்கறதுலயே மோசமான யோசனை. பதனிடாத தோல்ல ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமியோட வித்துகள் வருஷக் கணக்குல கெடக்கும். முரசு கட்டறவங்க ஆப்பிரிக்கத் தோலால செத்திருக்காங்க. அதனால கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தோட சம்மதமும், அந்த நாட்டு அரசுக் கால்நடை மருத்துவர் சான்றும் இல்லாம அது கார்கோவ விட்டு நகராது. தாராவியிலயும் இப்ப பதனிடற குழிகள் அநேகமா போயாச்சு. மிச்சம் இருக்கறது பை, பெல்ட் தைக்கற பட்டறை. ஆம்பூர், ராணிப்பேட்டைக்கு அனுப்பினாலும் அவங்க வேலை மொத்தமா ட்ரம்ல ஓடறது. சுண்ணாம்புல போட்டு முடிய எடுத்துட்டுத்தான் அடுத்த வேலை. உங்களுக்கு முடியோட வேணும். ஒத்தத் தோலுக்காக யாரும் தனியா ட்ரம் ஓட்ட மாட்டாங்க. பாடம் பண்ணி தலைய மாட்டித் தரேன்னு யாராவது சொன்னா, வனவிலங்குச் சட்டம் 44-வது பிரிவுல லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க. மைசூர்ல வான் இங்கன்னு பாடம் பண்ற கடை நடந்த காலம் மலையேறிப் போச்சு.

ஆக குடு மான் தோல் வேணும்னா அங்கயே முழுசா பதனிட்டு வரணும். குடு நம்ம அட்டவணையிலயும் இல்ல, சைட்டிஸ்லயும் இல்ல. அதனால பாதை இருக்கு, ஆனா நீளம். சுட்ட சில மணி நேரத்துக்குள்ள உரிச்சு, ஒட்டியிருக்கற சதை, கொழுப்ப எல்லாம் சுரண்டி, பொடி உப்பு, தோல் எடைக்குச் சமமா, ஓரம் வரைக்கும் தேய்க்கணும். கல்லுப்பு வேண்டாம், உள்ள எறங்காது. ஒரு நாள் கழிச்சு ஊறின தண்ணியோட உப்ப உதறிட்டு மறுபடி புது உப்பு. எங்க சொதப்பும்னா தலைப் பக்கம். காதுக்குள்ள குருத்தெலும்பப் பிரிச்சு உள்வெளியாத் திருப்பணும், உதட்டையும் மூக்கையும் பிளந்து உப்பு வைக்கணும். அத செய்யாம விட்டா வெளில பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள அழுகும். ரெண்டு விரலால முடியப் பிடிச்சு லேசா இழுத்தா கொத்தா வந்துடும். அதுக்கு மேல எந்தத் தோல்காரராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

கோமாரி பயம் இருக்கற எடத்துத் தோலுக்கு உலகக் கால்நடை நல அமைப்பு சொல்றது: 2 சதவீதம் சோடியம் கார்பனேட் கலந்த உப்புல குறைஞ்சது 28 நாள். கொம்புக்கு வேற பக்குவம். குடு கொம்பு ஒரு உறை மாதிரி, உள்ள எலும்புத் தண்டு இருக்கும். வேக வச்சு உறையக் கழட்டி, தண்டையும் மண்டையையும் சதை நூல் இல்லாம சுத்தம் பண்ணணும். தண்டுல மஜ்ஜை மிச்சம் இருந்தா பெட்டியத் திறந்த உடனே நாத்தம் காட்டிக் குடுத்துடும்.

காகிதத்துல ஒரு விஷயம் கறாரா சொல்லிடுங்க. பில்லுலயும் ஏற்றுமதி அனுமதியிலயும் மருத்துவச் சான்றுலயும் அறிவியல் பேர் இருக்கணும்: ட்ராஜெலாஃபஸ் ஸ்ட்ரெப்சிசெரோஸ். வெறும் "ஆன்டிலோப் தோல்"னு எழுதி வந்தா, இங்க அதிகாரிக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஆன்டிலோப் செர்விகாப்ரா, அதாவது நம்ம வெளிமான். உடனே நிறுத்தி வச்சு, வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவக் கூப்பிடுவாங்க. சந்தேகம் தீரலன்னா மாதிரி எடுத்து டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்குப் போகும். அது வரைக்கும் கிடங்கு வாடகை உங்க தலையில.

அதே பயணத்துல வரிக்குதிரை ஆசை வந்தாலும் ஜாக்கிரதை. சமவெளி வரிக்குதிரை சைட்டிஸ்ல இல்ல, ஹார்ட்மன் மலை வரிக்குதிரை ரெண்டாம் பட்டியல். ஒட்டகச்சிவிங்கி 2019-லேர்ந்து ரெண்டாம் பட்டியல். சிறுத்தை முதல் பட்டியல், நம்ம சட்டத்துலயும் முதல் அட்டவணை, அந்தப் பக்கமே போகாதீங்க. விமானக் கம்பெனிகளும் தனியா தடை வச்சிருக்கு. எமிரேட்ஸ் கார்கோ 2015-லயே சிங்கம், யானை, காண்டாமிருகம், புலி வேட்டைச் சின்னங்கள எடுக்கறத நிறுத்திட்டாங்க.

பெட்டியில வைக்காம கார்கோவா அனுப்பச் சொல்லுங்க. மரப் பெட்டின்னா பட்டை நீக்கின, 56 டிகிரியில 30 நிமிஷம் சூடு காட்டின மரம், கோதுமைக் கதிர் முத்திரையும் எச்.டி.ன்னும் அடிச்சிருக்கணும். தோலுக்கு எல்லாக் காகிதமும் சரியா இருந்து, முத்திரை இல்லாத பெட்டியால சரக்கு மாட்டிக்கிற கூத்தும் நடக்கும்.

கடைசியா, மச்சான் ஏற்கனவே பெட்டியில வச்சு ஏறிட்டார்னா, அறிவிக்க ஒண்ணும் இல்லாதவங்க போற பச்சை வழியில போகவே கூடாது. சிவப்பு வழியில போய், உள்ளத உள்ளபடி எழுதிக் குடுக்கணும். சுங்கச் சட்டம் 80-வது பிரிவுல, உண்மையா அறிவிச்ச தடைப் பொருள நிறுத்தி வச்சு, நாட்ட விட்டுப் போகும்போது திருப்பித் தரச் சொல்லிக் கேக்கலாம். அவர் திரும்ப அமெரிக்கா போறவர்ங்கிறதால வெள்ளைவால் மான் கொம்புக்கு இது உதவலாம். ரசீது வாங்காம நகரக் கூடாது. கறிக்கு இது ஆகாது. வெளிமான் கொம்புன்னா இந்த வழிய நம்பி ஏறவும் வேண்டாம், வழக்குப் போடறதா இல்லையாங்கறது அவங்க கையில. அத டெக்சஸ் வீட்டுச் சுவத்துலயே மாட்டிட்டு வரச் சொல்லுங்க.