கடிவாளம் தளர்த்தும் இத்தாலிய மொழி

நேயர்களுக்கு வணக்கம். கற்பனையை அதன் போக்கில் விடுவதைக் குறிக்க இத்தாலியர் வழங்கும் வினைகளையும் மரபுத்தொடர்களையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எதிர்காலத்தைப் பற்றியோ விரும்பியவரைப் பற்றியோ மனம்போன போக்கில் எண்ணிக்கொண்டிருப்பதை 'ஃபந்தஸ்திகாரே' என்பார்கள். விழித்தபடி கனாக் காண்பவரைக் குறிக்க 'ஸொஞ்ஞாரே அ ஒக்கி அபேர்தி' என்ற தொடர் உண்டு. இவ்விரண்டிலும் பழிச்சொல் இல்லை. ஆனால் 'ஃபாரே காஸ்தெல்லி இன் ஆரியா' என்றால், நம் மனக்கோட்டையைப் போலவே, நடவாததை நம்பியிருப்பவர் மீதான கண்டிப்பு அதில் ஒலிக்கும். 'லவோராரே தி ஃபந்தஸீயா' என்பதைக் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். கற்பனையால் உழைப்பது என்று சொல்லளவில் பொருள்பட்டாலும், ஆதாரமின்றி ஊகித்துப் பேசுபவரை நோக்கியே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

என்னை மிகவும் ஈர்ப்பவை குதிரைலாயத்திலிருந்து வந்த சொற்கள். 'அ பிரீல்யா ஷோல்தா' என்பது கடிவாளத்தைத் தளர்த்தி விட்ட ஓட்டம். கற்பனைக் குதிரையைத் தட்டிவிடும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ஸ்பித்ஸர்ரீர்சி' என்ற வினை அதைவிட அழகானது. அதன் வேரான 'பித்ஸார்ரோ' என்ற சொல் இன்று விநோதமானவரைக் குறித்தாலும், இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காலத்தில் கடுங்கோபக்காரரைக் குறித்தது. தம் காவியத்தில், நரகத்தின் சேற்றில் கிடக்கும் ஃபிலிப்போ அர்ஜென்தி என்ற கோபக்காரரை அவர் அச்சொல்லால்தான் வருணிக்கிறார். குதிரையின் முரட்டுத்தனத்தைப் போக்குவதற்கும் வழங்கிய அந்த வினை, தன்வினையாகும்போது மனிதர் தம் விருப்பம்போல் ஆடித் தீர்ப்பதைக் குறிக்கிறது. சமையல் குறிப்பின் இறுதியில், மேலே தூவுவதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறோம் என்று சொல்லவும் இத்தாலியர் இதே வினையைத்தான் எழுதுகிறார்கள்.

கடிவாளம் தளர்ந்தாலும் கற்பனைக்கு இலக்கணம் உண்டு என்று உறுதியாக நம்பியவர் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரொதாரி. 1972இல் ரெஜ்ஜோ எமீலியா நகரில் ஆசிரியர்களுக்கு அவர் நிகழ்த்திய உரைகள் மறு ஆண்டு 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலாயின. தொடர்பில்லாத இரு சொற்களை, உதாரணமாக நாயையும் அலமாரியையும், முன்னிடைச்சொற்களால் இணைத்துப் பார்க்கச் சொல்கிறார் அவர். அலமாரியோடு நாய், அலமாரிமேல் நாய், அலமாரிக்குள் நாய், நாயின் அலமாரி என்று உறவு மாறும்போதெல்லாம் புதிய கதை பிறக்கிறது. முதல் இணைப்பிலேயே ஒரு நாய் தன் வீடான அலமாரியை முதுகில் சுமந்தபடி தெருவில் போகிறது.