ஸ்கார்ஃபுக்கு விளம்பரம் கொடுத்தது யார்?

நடுவர் அவர்களே, ‘அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் புகழுக்குக் காரணம் விளம்பரமா, திறமையா?’ என்று தலைப்பு வைத்துவிட்டு என்னைத் திறமை அணியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் எதிரணிக்கே தலைவராகப் போயிருப்பேன். அந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் எரிச்சலாக இருக்கும். இன்றைக்கும் நான் ரசிகன் இல்லை. மாட்டிக்கொண்டவன்.

எதிரணி நண்பர் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் பாதியை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நேரம் மிச்சம். 2022-ல் ‘மிட்நைட்ஸ்’ ஆல்பத்தின் இசைத்தட்டை நான்கு விதமான அட்டை போட்டு விற்றார்கள். நான்கையும் வாங்கி, பின்பக்கம் திருப்பி, ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம் தெரியும். ஏனம்மா, மணி பார்க்க ஒரு கடிகாரத்தையே வாங்கிவிடலாமே! அதே வருடம் நவம்பரில் கச்சேரிக்கு முன்பதிவு திறந்ததும் டிக்கெட்மாஸ்டர் தளம் படுத்துவிட்டது. 2023 ஜனவரியில் அமெரிக்க செனட் குழுவே கூப்பிட்டு விசாரித்தது. அப்புறம் அந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள். காதலர் ஆடுவதைப் பார்க்க இவர் வந்து உட்கார்ந்தால், பந்தைக் காட்டுவதா இவர் முகத்தைக் காட்டுவதா என்று கேமராக்காரர் தவித்துப் போனார்.

எல்லாம் கூத்துதான், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு கூத்து இருப்பதால் உள்ளே சரக்கே இல்லை என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பந்தல் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக உள்ளே கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா?

சரி, நான் எப்படி மாட்டினேன்? ஒரே ஒரு பாட்டில். காரில் போகும்போது என் மகள் போட்டாள். அணைக்கக் கை நீட்டினேன். “பத்து நிமிஷம்தாம்ப்பா, பொறுத்துக்கோங்க” என்றாள். பத்து நிமிடம் ஒரு பாட்டா என்று முறைத்துக்கொண்டே ஓட்டினேன். ‘ஆல் டூ வெல்’ என்று பெயர். ஒரு பெண் தன் ஸ்கார்ஃபைக் காதலனுடைய சகோதரி வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருகிறாள். (அக்காவா தங்கையா என்று ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார்கள், விடுங்கள்.) காதல் முறிகிறது. அவளுடைய சாமான்களை எல்லாம் அவன் தபாலில் திருப்பி அனுப்பிவிடுகிறான். ஸ்கார்ஃபை மட்டும் அனுப்பவில்லை. அதில் அவள் வாசனை இருக்கிறது.

நடுவர் அவர்களே, கொஞ்சம் கவனியுங்கள். வந்து சேர்ந்த பொருள்களைப் பார்த்து அவள் அழவில்லை. வராத ஒரு பொருளை வைத்து அவன் மனதைக் கண்டுபிடிக்கிறாள். வீடு வந்துவிட்டது. மகள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். நான் இறங்கவில்லை. பாட்டு இன்னும் முடியவில்லையே!

இந்தப் பாட்டின் ஜாதகத்தைப் பார்த்தால் எதிரணிக்குச் சங்கடமாக இருக்கும். லிஸ் ரோஸ் என்பவரோடு சேர்ந்து எழுதியது. முதலில் நீளமாக எழுதி, பிறகு வெட்டி, 2012-ல் ‘ரெட்’ ஆல்பத்தில் ஐந்தரை நிமிடத்துக்கு வந்தது. அதைத் தனிப் பாடலாக வெளியிடவில்லை, வீடியோ எடுக்கவில்லை. கம்பெனி தூக்கிப் பிடித்ததெல்லாம் அதே ஆல்பத்தின் வேறு பாட்டுகளை. ஆனாலும் கேட்டவர்கள் இதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். வெட்டிப் போட்ட பகுதியைக் கொடு, கொடு என்று நச்சரித்தார்கள். 2021 நவம்பரில் முழுப் பாட்டும் வந்தது, 10 நிமிடம் 13 விநாடி. அமெரிக்காவின் வாராந்தரப் பாட்டு வரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் நேராக முதலிடம். முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே நீளமானது என்ற பெயரை டான் மக்லீனின் ‘அமெரிக்கன் பை’ 1972-லிருந்து வைத்திருந்தது. அதை இது வாங்கிக்கொண்டது.

“2021-ல் விளம்பரம் இருந்ததே” என்பார் நண்பர். இருந்தது, கூடவே ஒரு குறும்படமும் வந்தது. அதற்கு முந்தைய ஒன்பது வருடம் அந்த ஸ்கார்ஃபுக்கு விளம்பரம் கொடுத்தது யார்?

பழைய ஆல்பங்களை அவர் மறுபடி பாடிப் பதிவு செய்ததை வெறும் வியாபாரம் என்று தள்ளினார்கள். 2019-ல் அவருடைய பழைய இசைக் கம்பெனி கைமாறியபோது அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவுகளும் சேர்ந்து போயின. பாட்டு வேறு, பதிவு வேறு. பதிவு போனாலும் எழுதியவர் என்ற உரிமை கையில் இருந்தது. அதை வைத்து, பாடிய ஆல்பங்களையே மறுபடி பாட ஆரம்பித்தார். 2021 முதல் 2023 வரை நான்கு ஆல்பம். 2025-ல் பழைய பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார். வியாபாரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே பாட்டை ஒருவனிடம் இரண்டாவது தடவை விற்க வேண்டுமானால், முதல் தடவை வாங்கியது அவன் மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ‘ஃபியர்லெஸ்’ ஆல்பத்தின் பழைய பதிவு, புதுப் பதிவு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். மெட்டு அதேதான், கிட்டார் விழும் இடமும் அதேதான். குரல் மட்டும் வேறு. முதலில் பாடியது 18 வயதுப் பெண். அடுத்தது 31 வயதில், அந்த அவசரம் எல்லாம் போய், குரல் கனத்து நிற்கிறது.

யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்று வேறு ஒரு புகார். 2010-ல் வந்த ‘ஸ்பீக் நவ்’ ஆல்பத்தில் 14 பாட்டு, எல்லாம் அவர் தனியாக எழுதியவை. வயது 20. இதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

மணி அடித்துவிட்டீர்களா? எனக்குப் பத்து நிமிடம் முடிந்ததாம். அந்தப் பாட்டு இன்னும் 13 விநாடி ஓடும், நடுவர் அவர்களே. அந்த 13 விநாடியை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஸ்கார்ஃபைப் பற்றி ஏதாவது சொல்லட்டும். வணக்கம்.