மேடைக்கு வெளியே நின்றவர்களின் பக்கம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவை நிறைந்த பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஓர் இசைக்குழுவை நெடுங்காலம் வாழவைப்பவர்கள் மேடையில் நிற்கும் கலைஞர்களா, மேடைக்கு வெளியே நின்று உழைப்பவர்களா என்பது இன்றைய வழக்கு. இரு அணிகளும் சான்றாக எடுத்துக்கொண்டிருப்பது, இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் 1976-இல் உருவாகி, ஜாய் டிவிஷன் என்ற பெயரில் புகழ்பெற்று, 1980-க்குப் பிறகு நியூ ஆர்டராகத் தொடர்ந்த இண்டி ராக் குழுவை. எனக்கு முன் பேசிய நண்பர், இயன் கர்ட்டிஸின் குரலையும், பெர்னார்ட் சம்னரின் கிதாரையும், பீட்டர் ஹூக்கின் பேஸ் கிதாரையும், ஸ்டீபன் மோரிஸின் டிரம்ஸையும் அழகாக எடுத்துரைத்து, "பாடல்களை உருவாக்கியவர்கள் இந்த நால்வர், மற்ற அனைவரும் உதவியாளர்கள்" என்று முடித்தார். அந்த நால்வரின் ஆற்றலை எள்ளளவும் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் பாடலை உருவாக்கியவர் யார் என்பதல்ல நம் வழக்கு. குழு நிலைத்தது யாரால் என்பதே வழக்கு.

1979 ஏப்ரலில், மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெர்ரி ஒலிப்பதிவுக் கூடத்தில், 'அன்னோன் பிளெஷர்ஸ்' என்ற முதல் ஆல்பம் பதிவானது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட். மேடையில் இந்தக் குழு முரட்டுத்தனமாக, காதைப் பிளக்கும் ஓசையோடு வாசித்தது. ஆல்பமும் அப்படியே வர வேண்டும் என்று சம்னரும் ஹூக்கும் விரும்பினார்கள். ஹானட் அதற்கு இணங்கவில்லை. டிரம்ஸின் ஒவ்வொரு உறுப்பின் ஓசையும் மற்றொன்றோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றைத் தனித்தனியே வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் எதிரொலிக் கருவியைக் கொண்டு ஓசைகளுக்கு இடையே பெரும் வெறுமையை உண்டாக்கினார். கட்டடத்து லிஃப்டின் இரைச்சலையும், கண்ணாடி உடையும் ஒலியையும் இசைக்குள் சேர்த்தார். முடிந்த ஆல்பத்தைக் கேட்டபோது சம்னருக்கும் ஹூக்குக்கும் மனக்குறை இருந்தது. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். நடுவர் அவர்களே, இந்தச் செய்தியைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஜாய் டிவிஷன் என்றதும் உலகம் இன்று நினைவுகூரும் அந்தக் குளிர்ந்த, விரிந்த ஒலி, வாசித்தவர்கள் கேட்டு வாங்கிய ஒலியன்று. அவர்கள் மறுத்த ஒலி. அந்த ஒலியை உருவாக்கியவர் ஹானட்தான் என்று ஹூக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

"1981-இல் வந்த 'மூவ்மென்ட்' ஆல்பத்துக்குப் பிறகு ஹானட்டை விட்டுவிட்டுத் தாங்களே தயாரித்தார்களே, அதன் பிறகுதானே பெரும் வெற்றி கண்டார்கள்" என்றும் எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஹானட் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்துத்தானே அவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் நுட்பங்களைக் கற்றார்கள்? 1983-இல் வெளிவந்த 'ப்ளூ மண்டே' என்ற பாடல் பதிவானபோது, ஒலிப்பொறியாளர் மைக்கேல் ஜான்சன் உடனிருந்தார். தயாரிப்பாளர் என்ற பெயர் குழுவுக்குக் கிடைத்தது. ஓசையை நாடாவில் நிறுத்திய கைகள் வேறு ஒருவருடையவை. அதே ஆண்டில் நியூயார்க்கின் ஆர்தர் பேக்கர் அவர்களோடு சேர்ந்து ஒரு பாடலைத் தயாரித்து, அந்நகரத்து நடனக் கூடங்களின் தாளத்தை இந்த மான்செஸ்டர்க்காரர்களுக்கு நெருக்கமாக்கினார்.

1980 மே 18. முதல் அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படவிருந்த வேளையில், தம் 23-ஆம் வயதில் இயன் கர்ட்டிஸ் உயிரை மாய்த்துக்கொண்டார். குரலும் வரிகளும் ஒருசேரப் போன ஒரு குழு அன்றே கலைந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். கலையாமல் காத்தவர்களில் முதன்மையானவர் மேலாளர் ராப் கிரெட்டன். மான்செஸ்டர் கிளப் ஒன்றில் இசைத்தட்டு ஓட்டுநராக (டிஜே) இருந்த அவர், 1978-இல் இக்குழுவின் வாசிப்பைக் கேட்டு, தாமாகவே வந்து பொறுப்பேற்றவர். ஒருவர் பிரிந்தாலும் பழைய பெயரைப் பயன்படுத்துவதில்லை என்று குழுவினர் முன்பே முடிவு செய்திருந்ததால் புதுப்பெயர் தேவைப்பட்டது. செய்தித்தாள் கட்டுரை ஒன்றிலிருந்து 'நியூ ஆர்டர்' என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவரே. சின்தசைசரும் கிதாரும் வாசிக்க ஜில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவரும் அவரே. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் நூறு பேரை ஊரே பார்க்கிறது. தெருமுனையில் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவரை யாரும் பார்ப்பதில்லை. 1999-இல் இறக்கும்வரை கிரெட்டன் செய்தது அந்த வேலையைத்தான்.

இனி, கண்ணால் காணும் சான்றுக்கு வருகிறேன். இக்குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் பீட்டர் சவில். 'அன்னோன் பிளெஷர்ஸ்' உறைக்காக, துடிவிண்மீன் (பல்சர்) ஒன்றிலிருந்து வந்த வானொலித் துடிப்புகளின் வரைபடத்தை ஒரு வானியல் கலைக்களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்தது குழுதான், அதை மறுக்கமாட்டேன். ஜோசலின் பெல் பர்னல் 1967-இல் கண்டறிந்த துடிவிண்மீன் அது. அந்த வரைபடத்தை உருவாக்கியவர் ஹெரால்ட் கிராஃப்ட் என்ற அமெரிக்க வானியலாளர். ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளாக இருந்ததைக் கறுப்பின் மீது வெள்ளைக் கோடுகளாக மாற்றி, முகப்பில் குழுவின் பெயரையோ ஆல்பத்தின் பெயரையோ அச்சிடாமல் விட்ட துணிவு சவிலுடையது. ஜாய் டிவிஷனின் ஒரு பாடலைக்கூடக் கேட்டிராத இளைஞர்கள் இன்றும் அந்தக் கோடுகளைச் சட்டையில் அணிந்து நடக்கிறார்கள். 'ப்ளூ மண்டே'க்கு அவர் அமைத்த உறை, கணினியின் ஃப்ளாப்பி வட்டைப் போலத் துளைகள் வெட்டப்பட்டது. எழுத்துக்குப் பதிலாக வண்ணக் கட்டங்களே செய்தியைச் சொல்லின. 1985-இல் வந்த 'லோ-லைஃப்' ஆல்பத்தில்தான் குழுவினரின் முகங்கள் உறையில் இடம்பெற்றன. அங்கும் முகப்பில் இருந்தவர் பாடகரல்லர், டிரம்ஸ் வாசிக்கும் மோரிஸ். அவர் முகத்தின் மேலும் ஒரு மெல்லிய ஒளிகசியும் தாளைச் சுற்றியே விற்றார்கள். முகம் காட்டாத குழுவை உலகம் அடையாளம் கண்டுகொண்டதென்றால், அந்த அடையாளத்தைக் கொடுத்தவர் மேடைக்கு வெளியேதான் இருந்திருக்க வேண்டும்.

ஒளிப்படக் கலைஞர் கெவின் கம்மின்ஸ் 1979 ஜனவரியில் மான்செஸ்டரின் ஹியூம் பகுதியின் பனி மூடிய பாலத்தில் எடுத்த படங்களையும், மைக்கேல் ஷாம்பர்க் முன்னின்று தயாரித்த காணொளிகளுக்காக ஜானதன் டெமியும் கேத்ரின் பிகலோவும் இயக்குநர்களாக வந்ததையும் பெயரளவில் சொல்லிக் கடக்கிறேன்.

மேடையில் நிற்பவர்களே உயிர் என்றால், அவர்கள் மாறும்போதெல்லாம் உயிர் போயிருக்க வேண்டும். கர்ட்டிஸ் மறைந்தார், குடும்பத்துக்காக 2001-இல் விலகிய கில்பர்ட் 2011-இல் திரும்பினார், இடையில் பில் கன்னிங்ஹாம் சேர்ந்தார், நண்பர் இத்தனை நேரம் போற்றிய பேஸ் கிதாருக்கு உரிய ஹூக்கே 2007-இல் பிரிந்துவிட, அவர் இடத்தில் டாம் சாப்மன் வந்தார். அதற்குப் பிறகும் 2015-இல், டேனியல் மில்லரின் மியூட் நிறுவனம் வழியாக, 'மியூசிக் கம்ப்ளீட்' ஆல்பம் வெளிவந்தது. அதன் உறையையும் அமைத்தவர் 1979-இல் முதல் உறையை அமைத்த அதே சவில்.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று மீதமிருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கிரெட்டனும் ஃபேக்டரியின் நிறுவனர்களுள் ஒருவரான டோனி வில்சனும் 1982 மே மாதத்தில் ஹசியெண்டா என்ற கிளப்பைத் திறந்தார்கள். பென் கெல்லி அதை மஞ்சளும் கறுப்புமான பட்டைகளோடு வடிவமைத்தார். குழு பாடிச் சம்பாதித்த பணம் ஆண்டுக்கணக்கில் அந்தக் கட்டடத்துக்குள் போய்க் கரைந்தது; 1997-இல் அது மூடப்பட்டது. "வெளியே நின்றவர்கள் வாழவைக்கவில்லை, சுரண்டினார்கள்" என்றார் நண்பர். நட்டம் உண்மை, உழைத்தவர்களின் பணம் போனதை நினைக்கும்போது எனக்கும் வருத்தமே. ஆனால் அதே டோனி வில்சன், இசைக்கலைஞர்களுக்கே அனைத்தும் சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் சொந்தமில்லை, அவர்கள் விரும்பும்போது விலகிச் செல்லலாம் என்று ஒரு தாளில் எழுதிவைத்தார். தம் இரத்தத்தால் எழுதினார் என்பது மான்செஸ்டரில் சொல்லப்படும் செய்தி. 1992-இல் கடனில் மூழ்கிய ஃபேக்டரியை வாங்க லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற வேறோர் இசைத்தட்டு நிறுவனம் முன்வந்தபோது, நியூ ஆர்டரின் பதிவுகள் நிறுவனத்துக்குச் சொந்தமல்ல என்பது தெரியவந்தது. வாங்கும் பேச்சு முறிந்தது, ஃபேக்டரி வீழ்ந்தது. குழுவோ லண்டன் ரெக்கார்ட்ஸோடு தானே நேரடியாக உடன்படிக்கை செய்து, 1993-இல் தன் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் விடை சொல்ல வேண்டுகிறேன். நிறுவனம் மூழ்கியபோது அந்தப் பாடல்களும் அதனோடு சேர்ந்து கைமாறிப் போகாமல் காத்தது மேடையில் ஒலித்த எந்தக் கருவி?

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.