இறக்கப் போன கப்பல் ஏற்றி வந்த கதை

(கொழும்பில் தமிழ் அவையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அவையோரே, கதவடியில் நிற்கிற தம்பிமாரே, வணக்கம்.

இன்றைக்கு ஒரேயொரு கப்பலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது இரண்டு நாடுகளின் கடற்படையில், இரண்டு பெயர்களில் சேவை செய்த கப்பல். அமெரிக்காவில் இருந்தபோது ட்ரென்டன், இந்தியாவுக்கு வந்த பிறகு ஜலஷ்வா. எதிரியின் கரையில் படையை இறக்குவதற்காகக் கட்டிய கப்பல் அது. ஆனால் அதன் சேவைப் பதிவைப் புரட்டிப் பார்த்தால், இறக்கியதற்காக அல்ல, ஏற்றியதற்காகத்தான் அது திரும்பத் திரும்பப் பேசப்பட்டிருக்கிறது. ஆபத்தில் மாட்டிய சனங்களைக் கூட்டிக்கொண்டு வருவதே அதன் முக்கால்வாசிப் பெருமை. இது ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். தரையிறங்கு கப்பல் என்ற வகையே இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. 1940இல் பிரான்சின் டன்கேர்க் கரையிலிருந்து பிரித்தானியப் படை தப்பி வந்தபோது, ஆட்களைக் கொண்டு வர முடிந்தது, டாங்கிகளையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. துறைமுகம் இல்லாத வெறும் கரையில் டாங்கியை இறக்குவது எப்படி என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது. வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கென்று கட்டிய, ஆழம் குறைந்த எண்ணெய்க் கப்பல்கள் சிலவற்றை எடுத்து, முன்பக்கத்தில் கதவு வைத்து முயன்று பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்தவைதான் எல்.எஸ்.ரி. என்கிற, டாங்கி இறக்கும் கப்பல்கள். சுமார் 100 மீற்றர் நீளம். முகப்புக் கதவைத் திறந்து, மணலில் நேராக ஏறி நிற்கும். அமெரிக்கா மட்டுமே ஆயிரத்துக்கு மேல் கட்டியது. அப்படியும் போதவில்லை. நம்முடைய பேராதனையிலேயே அந்தத் தட்டுப்பாடு தெரிந்தது. 1944இல் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை அங்கே கொண்டு வந்தார். அவருடைய கட்டளைப் பிரதேசத்துக்கென்று வந்த தரையிறங்கு கப்பல்களை ஐரோப்பியப் போர்முனை இழுத்துக்கொண்டது. கடல்வழித் தாக்குதல் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன.

சரி, மணலில் ஏறுகிற கப்பலில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. கரைக்கு அவ்வளவு கிட்டப் போனால் எதிரியின் குண்டுக்கும் அது கிட்டத்தானே. அடுத்த தலைமுறைக் கப்பல் அதற்குத்தான் விடை தேடியது. எல்.பி.டி. என்று சொல்லுகிற அந்த வகைக் கப்பல் கரைக்குப் போகாது, தூரத்தில் நிற்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு குளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரென்டனில் அது ஏறக்குறைய 50 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்டது. பக்கத்துத் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றினால் கப்பலின் பின்பகுதி மெல்லத் தாழும். பின்கதவைத் திறந்தால் கடல் உள்ளே வரும். உள்ளே வரிசையாக நிற்கிற தரையிறங்கு படகுகள் மிதக்கத் தொடங்கி, டாங்கியையும் லொறியையும் சுமந்துகொண்டு தாமாகவே வெளியே போகும். வேலை முடிந்ததும் நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். பின்தளத்தில் ஹெலிகொப்டர்கள் இறங்கலாம். ஏறத்தாழ ஆயிரம் படையினர் தங்கலாம்.

இந்த ஆயிரம் பேர் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆயிரம் பேருக்குப் படுக்கை, ஆயிரம் பேருக்குச் சமைக்கிற குசினி, குடிநீர், கழிப்பறை. அடிபட்டு வருகிறவர்களுக்கு நான்கு சத்திரசிகிச்சைக் கூடங்கள், 12 கட்டில் வார்ட், பல் வைத்திய அறை. ஒரு நாசகாரிக் கப்பலில் இதெல்லாம் கிடையாது. அங்கே இருக்கிற இடமெல்லாம் ஆயுதத்துக்கும் எஞ்சினுக்கும் போய்விடும். தரையிறங்கு கப்பலில் படையை இறக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு பெரிய வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் யாரையும் ஏற்றலாம். இந்தக் கப்பலின் முழுக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ட்ரென்டன் சியாட்டிலில் லொக்ஹீட் நிறுவனத்தின் தளத்தில் கட்டப்பட்டது. 1968இல் நீரில் இறக்கப்பட்டு, 1971 மார்ச்சில் சேவைக்கு வந்தது. 173 மீற்றர் நீளம், முழுச் சுமையோடு கிட்டத்தட்ட 17,000 தொன். நீராவி விசையாழியில் ஓடுகிற கப்பல். நியூ ஜேர்சி மாநிலத் தலைநகரின் பெயர்தான் அதற்கு. 1776 டிசம்பரில் வாஷிங்டன் இரவோடிரவாக டெலவெயர் ஆற்றைப் படகுகளில் கடந்து போய் வென்ற ஊர் அது. படகில் படையை இறக்குகிற கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

போரையும் அது கண்டது. ஈரான் - ஈராக் யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், 1988 ஏப்ரல் 18ஆம் திகதி பாரசீக வளைகுடாவில் அமெரிக்கா ஈரானின் சசான் எண்ணெய் மேடையைத் தாக்கியது. அந்தப் பிரிவில் இரண்டு நாசகாரிகளோடு ட்ரென்டனும் நின்றது. அன்று அதிலிருந்து பறந்த கோப்ரா ஹெலிகொப்டர் ஒன்று திரும்பவில்லை. இரண்டு விமானிகள் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு மொகதிஷு. எனக்கு இந்தக் கப்பலின் வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன். 1991 ஜனவரி. உலகத்தின் கண்ணெல்லாம் குவைத்தில். குவாம் என்ற இன்னொரு கப்பலும் ட்ரென்டனும் ஓமான் கடலில், ஈராக்கோடு வரப் போகிற யுத்தத்துக்காகக் காத்திருந்தன. அந்த நேரத்தில் சோமாலியத் தலைநகரில் சியாத் பாரேயின் ஆட்சி குலைந்து, தெருத்தெருவாகச் சண்டை. அமெரிக்கத் தூதரகம் உதவி கேட்டது. கப்பல்கள் இரண்டும் தெற்கே ஓடத் தொடங்கின. ஆனால் போய்ச் சேரும்வரை தூதரகம் தாக்குப்பிடிக்குமா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதனால் 466 கடல் மைல் தூரத்திலேயே, இருட்டில், இரண்டு பெரிய ஹெலிகொப்டர்களை அனுப்பினார்கள். உள்ளே ஆயுதம் தாங்கிய 60 பேர். வழியில் வானத்திலேயே இரண்டு தடவை எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு தடவை குழாய் கசிந்து உள்ளே இருந்தவர்கள் மீது எரிபொருள் தெறித்தது.

விடிகிற நேரம் மொகதிஷுவுக்கு மேலே வந்தாயிற்று. தூதரகத்தைக் காணவில்லை! கையில் இருந்த தகவல் பழையது, தூதரகம் வேறு இடத்துக்கு மாறியிருந்தது. கடல் பக்கம் திரும்பிப் போய், மறுபடி வந்து தேடித்தான் இறங்கினார்கள். முதல் பயணத்தில் 61 பேர். கப்பல்கள் கிட்ட வந்த பிறகு அன்றிரவே மிச்சப் பேரும் அலை அலையாக ஏற்றப்பட்டார்கள். மொத்தம் 281 பேர், 30 நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதில் சோவியத் தூதுவரும் அவருடைய ஆட்களும் அடக்கம். பனிப்போர் இன்னும் முழுதாக ஆறாத காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள். எல்லோரையும் மஸ்கட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சியாத் பாரே தலைநகரை விட்டே ஓடிவிட்டார்.

2006 ஜூலையில் லெபனானில் குண்டு விழுந்தபோது, பெய்ரூத்திலிருந்து சைப்பிரசுக்குச் சனங்களைக் கொண்டுபோன கப்பல்களில் ட்ரென்டனும் ஒன்று. அமெரிக்கக் கொடியின் கீழ் அது செய்த கடைசிப் பெரிய வேலை அதுதான். 2007 ஜனவரியில் ஓய்வு கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 22ஆம் திகதி, அமெரிக்காவின் நோர்ஃபோக் துறைமுகத்திலேயே இந்தியக் கொடி ஏறியது. விலை சுமார் 48 மில்லியன் டொலர்.

36 வயதுக் கப்பலை வாங்கினால் வாய் சும்மா இருக்குமா? இந்தியாவின் கணக்காய்வுத் தலைவர் 2008இல் கடுமையாகவே எழுதினார். கப்பலின் நிலையைச் சரியாகப் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள், பாவிப்பதிலும் நிபந்தனைகள் இருக்கின்றன என்றார். அதற்கு முன்பே, அந்த ஆண்டு பெப்ரவரியில், கப்பலுக்குள் நச்சுவாயு கசிந்து ஆறு பேர் மாண்டு போனார்கள். ஆக, தொடக்கம் நல்ல சகுனமாக இல்லை. கணக்காய்வாளர் கேட்ட கேள்விகள் நியாயமானவை என்றே நானும் நினைக்கிறேன். பழைய கப்பல் வாங்குகிறவன் அதன் அடியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்தக் காசுக்கு அது செய்த வேலையைப் பார்த்தால், நட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்கு அது அந்நியக் கப்பலும் இல்லை. 2017 மே மாத வெள்ளத்தில் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறைப் பக்கம் சனம் மூழ்கியபோது நிவாரணத்துக்கு அனுப்பப்பட்ட மூன்று இந்தியக் கப்பல்களில் ஜலஷ்வாவும் ஒன்று. அதற்கும் முன்னே, சுனாமி நேரம், 2005 ஜனவரியில் அமெரிக்கா இங்கே அனுப்பிய டுலூத் என்ற கப்பலும் ட்ரென்டனின் அதே வகுப்புத்தான், கூடப்பிறந்த கப்பல் என்று சொல்லலாம்.

அடுத்தது 2020. கொரோனா வந்து ஆகாயம் மூடிப்போன வருடம். இந்தியா தன் ஆட்களைக் கடல்வழியாகக் கொண்டு வரத் தீர்மானித்தபோது முதலில் புறப்பட்டது ஜலஷ்வா. மாலைதீவிலிருந்து 698 பேரை ஏற்றிக்கொண்டு மே 10ஆம் திகதி கொச்சிக்குப் போனது. அதில் 19 பேர் கர்ப்பிணிகள். படையினருக்கென்று அடுக்கிய படுக்கைகளில் தாய்மாரும் சிறுபிள்ளைகளும். ஜூன் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து 685 பேர். மறுநாளே தூத்துக்குடி. அப்புறம் மறுபடி மாலைதீவு, பிறகு ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேர், அவர்களும் தூத்துக்குடிக்குத்தான். நான்கு கப்பல்கள் சேர்ந்து 55 நாட்களில் 3,992 பேரை வீடு சேர்த்தன. நான்கும் தரையிறங்கு கப்பல்கள்: ஜலஷ்வா, ஐராவத், ஷார்துல், மகர். இது தற்செயல் இல்லை. ஆயிரம் பேரின் வெற்றிடம் என்று சொன்னேனே, அதுதான் காரணம்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் ஓரிரவுத் தூரம். தோணிகள் காலங்காலமாக ஓடிய கடல். 2011இல் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, சில மாதங்களில் நின்றுபோனது. அந்தச் சின்னக் கடலைக் கடக்கப் போர்க்கப்பல் வர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

இந்தக் கொழும்புத் துறைமுகத்தில் சனங்கள் அவசரமாகக் கப்பலேறியது அது முதல் தடவையும் இல்லை. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு லங்கா கல்யாணியில் காங்கேசன்துறை போனவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அது சரக்குக் கப்பல். படுக்க இடமில்லை, மறைவில்லை, பச்சைப்பிள்ளைக்குப் பால் காய்ச்ச வழியில்லை. ஆட்களை ஏற்றுவதென்று கட்டிய கப்பலுக்கும் மூட்டையை ஏற்றுவதென்று கட்டிய கப்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தரையிறக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு 1991இல் இராணுவம் கடல்வழியாக வந்திறங்கிய வெற்றிலைக்கேணிதான் ஞாபகம் வரும். அந்த நினைவோடு ஒருவர் இந்த வகைக் கப்பலைச் சந்தேகத்தோடு பார்த்தால் அவரோடு நான் வாதாட மாட்டேன். கப்பலின் கதவு இரண்டு பக்கமும் வேலை செய்யும், யாரை இறக்குவது, யாரை ஏற்றுவது என்று தீர்மானிக்கிறவர்கள் மனிதர்கள். இலங்கைக் கடற்படையிடமும் சீனாவில் கட்டிய சக்தி என்ற தரையிறங்கு கப்பல் இருக்கிறது. யுத்த காலத்தில் வடக்குக்குப் படையையும் பொருளையும் சுமந்த அதே கப்பல், 2021 ஓகஸ்டில் கொரோனா நோயாளிகளுக்கு ஒட்சிசன் எடுக்கச் சென்னைக்குப் போய், 40 தொன் கொண்டு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே நாட்களில் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன்னோடு கொழும்புக்கு வந்த இந்தியக் கப்பலுக்கும் சக்தி என்றுதான் பெயர். அது எண்ணெய் வழங்குகிற கப்பல். எந்தச் சக்தி எதைக் கொண்டு வந்தது என்று அந்தக் கிழமை பலருக்கும் குழப்பம்.

ஜலஷ்வாவின் கொதிகலன்கள் 1960களின் தொழில்நுட்பம். நீராவிக் கப்பலை ஓட்டத் தெரிந்த பொறியியலாளர்கள் உலகம் முழுவதும் அருகி வருகிறார்கள். இந்தியா இதே வகையில் நான்கு புதிய கப்பல்களைக் கட்டப் போவதாக 2011இலிருந்து கேள்விப்பத்திரம் விடுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறது. அதனால்தான் 2019 நவம்பரில் அமெரிக்காவும் இந்தியாவும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சேர்ந்து பயிற்சி செய்தபோது, அமெரிக்கா தன் ஜேர்மன்ரவுன் என்ற தரையிறங்கு கப்பலைக் கொண்டு வந்தது, இந்தியா அமெரிக்காவிடமே வாங்கிய இந்தப் பழைய கப்பலைக் கொண்டு வந்தது.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். லங்கா கல்யாணியில் போனவர்கள் யாரும் இருந்தால், என்னிடம் கேள்வி கேட்பதற்கு முதல் இந்த மேடைக்கு வந்து நீங்கள் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். ஒலிவாங்கியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.