லாரி ஏறாத சாலை

நண்பர்களே, அமெரிக்காவில் விர்ஜீனியாவிலிருந்து வடக்கு கரோலினா வரைக்கும் மலைமுகட்டை ஒட்டியே ஒரு சாலை போகிறது. புளூ ரிட்ஜ் பார்க்வே என்று பெயர். நீளம் 469 மைல். லாரிக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை கிடையாது, மணிக்கு 45 மைலைத் தாண்டக்கூடாது. அவசரக்காரனுக்கு உதவாத சாலை! அப்புறம் எதற்குப் போட்டார்கள்? முதல் காரணம், கூலி கொடுக்க.

தொழிலெல்லாம் முடங்கிப்போன பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. 1933-ல் அங்கே உழைப்பாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு கையிலெடுத்த பொதுப்பணிகளில் இதுவும் ஒன்று. 1935 செப்டம்பரில் வேலை தொடங்கியது. ஒப்பந்தக்காரர்கள் பாறையை உடைத்துச் சுரங்கம் குடைந்தார்கள். வேலையில்லா இளைஞர்களுக்காக அரசு நடத்திய சி.சி.சி. என்ற வேலைத்திட்டத்தின் முகாம் பையன்கள் சரிவுகளில் மரம் நட்டார்கள். அவர்களுக்கு மாதம் 30 டாலர் சம்பளம். அதில் சுமார் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் மிஞ்சுவது ஐந்தே டாலர்.

சரி, அழகு எங்கிருந்து வந்தது? ஸ்டான்லி அபட் என்ற நிலவடிவமைப்பாளரிடமிருந்து. பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25. எந்தத் திருப்பத்தில் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும், எங்கே மரம் மறைக்க வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவானது.

176-வது மைலில் மேப்ரி மில் இருக்கிறது. குளம், தண்ணீரில் சுற்றும் மரச்சக்கரம், பக்கத்தில் ஒரு மரக்கட்டைக் குடிசை. வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். மில் நிஜம்தான், மேப்ரி தம்பதி அங்கே சோளம் அரைத்தார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்தது வெள்ளையடித்த பலகை வீட்டில். சாலைக்காரர்கள் அதை இடித்துவிட்டு, வேறு ஊரிலிருந்து ஒரு பழைய குடிசையைப் பெயர்த்து வந்து வைத்தார்கள். மலைவாசி என்றால் குடிசையில்தான் இருக்க வேண்டுமாம்! எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. சாலைக்காக நிலத்தைக் கொடுத்த விவசாயிகள் கதை தனி.

சாலையில் கடைசியாக முடிந்த பகுதி கிராண்ட்ஃபாதர் மலை, அதாவது தாத்தா மலை. சரிவைச் சிதைக்காமலிருக்க, 153 கான்கிரீட் துண்டுகளைக் கோத்து, அந்தரத்தில் வளைகிற பாலம் கட்டினார்கள். பாறை நிறம் வர கான்கிரீட்டில் இரும்பு ஆக்சைடு கலந்தார்கள். அந்தப் பகுதி திறந்தது 1987-ல். ஐந்து டாலர் பையன்கள் அதற்குள் தாத்தாவாகியிருப்பார்கள்.